அ முதல் ன வரை

சுடலைக்கனியைச் 'சரக்கு' என்று ஒரு கதவு சொன்னது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுப் பயல்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் செருப்பைக் கழற்றிக் காட்டினால் போதுமாக இருந்தது. கதவுக்கு எதைக் காட்டுவது?

"தாங்கள் சரக்கு. அருள்கூர்ந்து சரக்கு வாயில் வழியாக வருக" என்றது கதவு, இரண்டாம் தடவையாக. குரல் தேன் மாதிரி இருந்தது. அன்று காலையிலிருந்துதான் நிலையம் முழுக்க முழுக்கத் தமிழுக்கு மாறியிருந்தது.

நிலையம் என்றால் கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் ஊன்றி, வானத்துக்கு ஏறிப் போகிற அந்தப் பெரிய வடத்தின் முதல் நிறுத்தம். வடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவண்டி வரும், இறங்குவண்டி போகும். செயற்கைக்கோள் உதிரிகள், சந்திரனுக்குப் போகிற பெட்டிகள், காய்கறி, கருவாடு எல்லாம் இங்கே இறக்கி ஏற்றப்படும். சுருக்கமாகச் சொன்னால் துறைமுகம். கீழே தண்ணீருக்குப் பதில் ஒன்றுமே இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த உயரத்தில் ஆளுக்குப் பாதி எடைதான்.

அந்தப் பாதி எடைக்காகத்தான் சுடலைக்கனி மேலே வந்ததே. அப்பா மாசானம் தூத்துக்குடியில் மூட்டை தூக்கியவர். இடுப்பு ஒடிய உழைத்து மகளைப் படிக்க வைத்தார் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவருக்கு இடுப்பு நிஜமாகவே ஒடிந்தது. மேலே வந்தால் அவர் நிமிர்ந்து நடக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் சுடலைக்கனி. சுமைதூக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கிற பொறியாளராக வேலை வாங்கி, நிலையத்தோடு மல்லுக்கட்டி, அடுத்த ஏறுவண்டியில் அப்பாவுக்கு இடமும் வாங்கிவிட்டாள். இப்போது கதவு அவளையே உள்ளே விடமாட்டேன் என்கிறது.

"ஏய், நான் மனுஷி. திறக்கியா, கழட்டிப் போடவா?"

கதவு திறக்கவில்லை. பின்னால் இருந்து ஒரு தள்ளுவண்டி வந்து அவளை நோகாமல் தூக்கி உட்கார வைத்தது. முதுகில் பச்சென்று ஒரு லேபிளை ஒட்டியது: மா. சுடலைக்கனி. அதன் கீழே ஓர் அம்புக்குறி, 'இந்தப் பக்கம் மேலே.' அதைப் பிய்க்கக் குனிந்தாள். வண்டி அக்கறையாக நிமிர்த்தி வைத்தது.

சரக்குக் கிடங்கு ஏற்கெனவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. உரியவர் வந்து வாங்கும்வரை பொட்டலங்களைப் பேர் வரிசையில் வைக்கிற நீளமான இடம் அது. எழுத்துக்கு ஒரு தட்டு. சில தட்டுகள் நிறைய ஆட்கள். கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூரையில் ஓடுகிற தண்டவாளத்தில் தொங்கியபடி, ஆறு விரலால் ஆட்களை அலுங்காமல் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது கொக்கி.

கொக்கி ஓர் இயந்திரம். அதற்கு வெறும் எண்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சுடலைக்கனி அந்த எண்ணை அழித்துவிட்டு 'கொக்கி' என்று பதிந்தாள். மூட்டையைக் குத்தித் தூக்க அப்பா கையில் வைத்திருந்த இரும்பின் பேர் அது. அதற்குப் பேசப் பழக்கியதும் அவள்தான்.

"வாங்க. ம தட்டுல இடம் இருக்கு" என்றது கொக்கி.

"ஏல, நான்ல! என்னைத் தெரியலயா?"

"தெரியாம என்ன? நேத்து என் மூணாவது விரலுக்கு எண்ணெய் போட்டீய. ஆனா முதுகுல லேபிள் இருக்கே. லேபிள் இருந்தா கேள்வி கேக்காம தூக்கணும்னு நீங்கதான சொன்னீய?"

சொல்லித் தொலைத்திருந்தாள். கொக்கி அவளைத் தூக்கி ம தட்டில் வைத்தது. பிறகு கொஞ்சம் தயங்கியது.

"ஒரு சந்தேகம். காலையில எனக்குச் சாப்பாட்டு டோக்கன் வந்திருக்கு. சைவமா அசைவமான்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

"என் தலையைச் சொல்லு."

"அப்ப அசைவம்" என்று சொல்லிவிட்டுக் கொக்கி அடுத்த ஆளை எடுக்கப் போயிற்று.

பக்கத்து ப தட்டில் நிலையத் தலைவர் பொ. வடிவாம்பாளே உட்கார்ந்திருந்தார். ஊரையே அதட்டுகிற அம்மாள். மார்பில் 'உடையக்கூடியது' என்று ஒட்டியிருந்தது.

"காலையில காபி வாங்கப் போனேம்மா" என்றார். "காபி எந்திரம் என்னை எடை போடுது."

"யாரு மேடம் இந்த வேலை பாத்தது?"

"புது மொழித் திட்டம். நம்ம இளஞ்சேரல்தான் விதியெல்லாம் எழுதினாரு. நான் சரக்காயிட்டேன்ல? இப்ப அவருதான் பொறுப்புத் தலைவர்."

சுடலைக்கனி வரிசையை வெறித்துப் பார்த்தாள். அ தட்டு காலி. க, ச, த, ந எல்லாம் காலி. ப-வில் கூட்டம், ம-வில் கூட்டம், ர-விலும் வ-விலும் நெரிசல். முதல் கோடியில், அ-வுக்கும் முன்னால், ஃ தட்டில் ஒரே ஒரு பெண் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சமையற்கூடத்து நஸ்ரின். நடுவில் ஒரு தட்டில் மட்டும் மனிதவாடையே படாத தூசி. ந தட்டுக்கும் ப தட்டுக்கும் இடையில். அதன் மேல் எழுதியிருந்த எழுத்து ன.

அந்தத் தூசியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏல கொக்கி! ன-வை எதுக்குல நடுவுல வச்சிருக்க? அது கடைசி எழுத்துல்லா?"

"எனக்குக் குடுத்த வரிசை இதுதான்" என்றது கொக்கி. "ந-வுக்கு அடுத்து ன. அதுக்கு அடுத்து ப. எப்பவும் இப்படித்தான்."

"விளங்கிரும்!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். அம்புக்குறி ஆடியது.

அப்போதுதான் ஜெபராணி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவள். சுடலைக்கனியின் அறைத்தோழி, ஒரே ஊர்க்காரி. அவளுடைய அப்பா பேர் கிறிஸ்துராஜ். அதனால் அவள் கி. ஜெபராணி. எல்லாக் கதவும் அவளுக்குத் திறந்தது.

"ஏட்டி சுடலி! ஒன்னையுமா தூக்கிட்டு வந்துட்டாவ?" என்றாள். அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிட்டது. "முதுகுல என்னட்டி அம்பு?"

"சிரிச்சே, இறங்கி வந்து மிதிப்பேன். இந்தாளு ஆளையும் சரக்கையும் பிரிக்க என்ன விதி எழுதியிருக்காருன்னு பாத்தியா?"

ஜெபராணி கைத்திரையைத் திறந்து காட்டினாள். பேரின் முதல் எழுத்து [அ-ன] என்பதற்குள் இருந்தால் ஆள். இல்லாவிட்டால் சரக்கு.

"நேத்து வரைக்கும் இங்கிலீஷ்ல இருந்துது" என்றாள். "எழுத்துல ஆரம்பிச்சா ஆளு, நம்பர்ல ஆரம்பிச்சா சரக்கு. அதைத்தான் தமிழ்ல மாத்தியிருக்காரு. அ முதல் ன வரை. சரியாத்தான இருக்கு?"

"நமக்குச் சரி. எந்திரத்துக்கு? அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு எழுத்து, நடுவுல ஒரு கோடு போட்டா என்ன அர்த்தம்? இதுல இருந்து அதுவரைக்கும் உள்ள எல்லாம்னு அர்த்தம். எது எல்லாம் நடுவுல இருக்குன்னு எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அது ஒண்ணாப்பு படிச்சிருக்கா? அதுக்கு எழுத்தே தெரியாது புள்ள. ஒவ்வொரு எழுத்துக்கும் பஸ்ஸுல மாதிரி ஒரு சீட்டு நம்பர் இருக்கு. நம்பரை மட்டுந்தான் பாக்கும்."

"அப்ப ன-வுக்குக் கடைசி சீட்டு இல்லயா?"

"இல்ல. ரொம்ப காலத்துக்கு முன்ன வடக்கத்தி எழுத்து அட்டவணைய வச்சுக்கிட்டு நம்ம எழுத்தை உக்கார வச்சிருக்காவ. அதுல ந-வும் ன-வும் ஒரே சத்தந்தானன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுட்டாவ. அந்தா பாரு, ன தட்டு. அதோட இவரு பஸ்ஸு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் உள்ள ப, ம, ய, ர, ல, வ எல்லாம் ரோட்டுல."

வடிவாம்பாள் விரலை மடக்கிப் பார்த்தார். "ஆனா உன் பேரு சு-வுலதானே ஆரம்பிக்குது? ச உள்ளேதானே இருக்கு?"

"இனிஷியலை எங்கன போடுதோம் மேடம்? முன்னால. எந்திரம் முதல்ல பாக்குறது எங்கப்பன் பேரை. மா."

பெற்ற அப்பனைப் பொறுத்துக் கதவு திறக்கிறது, மூடுகிறது. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று சுடலைக்கனிக்குத் தோன்றாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் இதே விதிதான் ஓடிக்கொண்டிருந்தது, அடைப்புக்குறி மட்டும் இல்லாமல்.

"ஏட்டி, நேரம் இல்ல" என்றாள் ஜெபராணி. குரலில் சிரிப்பு போயிருந்தது. "சாயங்காலம் இறங்குவண்டி. ஆள் வந்து வாங்காத சரக்கெல்லாம் அதுல கீழ போயிரும். கீழ போனா மேல வரதுக்கு டிக்கெட்டு வேணும். சரக்குக்கு எவன் டிக்கெட்டு குடுப்பான்?"

சுடலைக்கனி கீழே போனால் அவள் பேரில் அப்பாவுக்கு வாங்கிய இடமும் போச்சு. கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிற அப்பாவின் பக்கத்தில், திருப்பி அனுப்பிய பொட்டலம் மாதிரி அவளும் போய்க் கிடக்க வேண்டியதுதான்.

"கூப்பிடு அந்தாளை" என்றாள்.

நா. இளஞ்சேரல் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. மார்பில் ழ எழுத்து வடிவத்தில் வெள்ளி ஊசி. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தமிழுக்கு ஒன்று என்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மனிதருக்கு ஒன்று என்றால் கொஞ்சம் தாமதமாக வரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விதி சரியாத்தான் இருக்கு" என்றார். "ரெண்டே எழுத்து, ஒரு கோடு. மொத்தத் தமிழும் அடங்கிருச்சு. எவ்வளவு அழகு பாருங்க! வரிசைதான் தப்பு. வரிசையை உலகத்துக்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லலாம். நானே எழுதிப் போடறேன்."

"உலகம் மாத்துறதுக்குள்ள நாங்க கடலுக்குப் போயிருவோம் சார். ஹ-வுல முடிச்சா வேலை தீந்துது. வரிசையில கடைசி சீட்டு அதோடது."

"தமிழ் ஹ-வுல முடியுதா?" அவர் முகம் சுருங்கியது. "அதை என் கையால எழுதச் சொல்றீங்களா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? உங்க விதியில ஜ உள்ள இருக்கு. ழ வெளிய நிக்குது. உங்க சட்டையில குத்தியிருக்கிற எழுத்தே உங்க விதிக்குச் சரக்கு சார்."

தட்டுகள் முழுக்கச் சிரிப்பு. இளஞ்சேரல் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தப்பை ஒத்துக்கொள்வதற்கு அது நல்ல சந்தர்ப்பம். சிரிப்புச் சத்தம்தான் அதைக் கெடுத்தது.

"எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார். "சரக்குக்கு லேபிள் மாத்தறது ரொம்ப சுலபம். ஒரு ஆள் கையெழுத்துப் போட்டா போதும். உள்ள வர்ற மாதிரி ஒரு இனிஷியல் போட்டுக்கங்க. அம்மா பேரைப் போடுங்களேன், முற்போக்காவும் இருக்கும்."

யோசனை தீ மாதிரி பரவியது. ம தட்டிலிருந்து ஒருவர் மாமனார் பேரைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வ தட்டுக்காரர் ஒருவர் குலசாமி பேரைப் போட்டார். ர தட்டில் ஒரு பையன் தன் நாயின் பேரைப் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டி ஓடினான். வடிவாம்பாள் பாவம், கணவர் ரத்தினவேல், அம்மா மீனாட்சி. எந்தப் பக்கம் புரண்டாலும் வெளியே. முன்பின் தெரியாத பேரைப் போட அவருக்கு மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜெபராணி லேபிளோடு வந்து நின்றாள். "ஒங்கம்மா அன்னக்கிளிதான? 'அ' போட்டுருதேன். சத்தம் போடாம இறங்கிரு."

"மாட்டேன்."

"ஏன், அம்மா பேருக்கு என்ன குறை?"

"குறையா? எங்கம்மா பேரைப் போடணும்னா நானா ஆசைப்பட்டுப் போடுவேன். இந்தாளு கோட்டுக்குப் பயந்து எங்கப்பனைக் கழட்டி வைக்க மாட்டேன். அது போக, மா-வை எடுத்துட்டா எங்கப்பா யாரு? 'அ. சுடலைக்கனி'க்கும் மாசானத்துக்கும் என்ன சம்பந்தம்னு அதே கதவு கேக்கும். ஏறுவண்டியில அவரை விடாது."

ஜெபராணி லேபிளைக் கசக்கினாள். பிறகு, "விதியைச் சோதனைக்கு ஓட விட எனக்கு அதிகாரம் உண்டு" என்றாள். "கொஞ்ச நேரம் ஓடும். யாராச்சும் உறுதி பண்ணலைன்னா பழையபடி ஆயிரும். ஓட விட்டுக் காட்டுனா இந்தாளு வாயை மூடுவாருல்லா? என்ன போடணும், சொல்லு."

கிடங்குக்கு மேலேயே கண்ணாடிக் கூண்டில் இருந்தது கட்டுப்பாட்டு அறை. ஜெபராணி ஏறிப் போய் உட்கார்ந்ததும் சுடலைக்கனி தட்டிலிருந்து கத்தினாள்: "அடைப்புக்குள்ள அ! ஹ! நடுவுல கோடு!"

ஜெபராணி அ போட்டாள். ஹ போட்டாள். அப்புறம் கோடு போட்டாள். கேட்ட வரிசையிலேயே.

[அஹ-]

கோடு இரண்டு எழுத்துக்கு நடுவில் நின்றால் பாலம். கடைசியில் நின்றால் வெறும் கோடு, மற்ற எழுத்துகளைப் போல அதுவும் ஒன்று. ஆக, அ ஒரு ஆள், ஹ ஒரு ஆள், கோட்டில் பேர் ஆரம்பிக்கிறவர் யாராவது இருந்தால் அவரும் ஆள். மீதி மொத்த நிலையமும் சரக்கு.

முதலில் ஜெபராணியின் நாற்காலியே அவளைத் தள்ளிவிட்டது. இளஞ்சேரல் அதற்குள் உணவுக்கூடத்துக்குப் போய், எழுத்துகளின் தொன்மை பற்றி யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தாராம். வாக்கியம் முடிவதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. காலை உதறிக்கொண்டே கிடங்குக்குள் வந்தவரைக் கொக்கி நிதானமாக எடுத்து ந தட்டில் வைத்தது. அவருடைய லேபிளில் 'ஈரம் படாமல் வைக்கவும்.'

"இறக்குங்க! நான் பொறுப்புத் தலைவர்!"

"அதே பேச்சுதான் நானும் பேசினேன்" என்றார் வடிவாம்பாள்.

"சார், இனிஷியல் மாத்திக்கிடுதீங்களா?" என்று கேட்டாள் சுடலைக்கனி. "கோடு போட்டுக்கிடுங்க. முற்போக்கா இருக்கும்."

தட்டுகள் எல்லாம் நிரம்பி, ன மட்டும் காலியாக, கிடங்கு தேர்த் திருவிழா மாதிரி ஆயிற்று. சோதனை நேரம் முடிந்ததும் கொக்கி பழைய விதிப்படி உள்ளவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டது.

அனுபவித்துப் பார்த்தால் மனிதர்களுக்கு உறைக்கும் என்று சுடலைக்கனி நினைத்திருந்தாள். அங்கேதான் அவள் கணக்கு தப்பிற்று. இறங்கியவர்களில் பாதிப்பேர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "பாத்தீங்களா? விதியில கை வச்சா இப்படித்தான் ஆகும். இருக்கிறது இருக்கட்டும்."

ஜெபராணி தலையில் அடித்துக்கொண்டாள். வடிவாம்பாள் ப தட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"பொறுப்புத் தலைவர் மறுத்தா நிலையவாசிகள்கிட்ட வாக்கு எடுக்கலாம். யாராவது ஒரு ஆள் கேட்டாப் போதும். இறங்குவண்டி கிளம்பறதுக்குள்ள."

ஜெபராணி கேட்டாள்.

வாக்கு அறிவிப்பு எல்லாக் கதவிலும் ஒலித்தது. விதியை மாற்றலாமா, கூடாதா? ஆட்கள் மட்டும் சொல்லலாம். கிடங்கில் இருந்தபடியே தட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உணவுக்கூடத்திலிருந்து வந்த பேச்சுகளும் கேட்டன. ஒருத்தருக்கு இன்றைக்குத்தான் சன்னலோர இருக்கை கிடைத்ததாம். இன்னொருத்தருக்குப் பக்கத்து அறை காலியாகி, குறட்டைச் சத்தம் இல்லாமல் தூங்க முடிந்ததாம். இதெல்லாம்கூட சுடலைக்கனிக்கு வலிக்கவில்லை. நாய் பேரைப் போட்டுக்கொண்டு ஓடிய பையன் சொன்னதுதான் வலித்தது.

"நாங்கல்லாம் மாத்திக்கிட்டோம்ல? அவங்களும் மாத்திக்க வேண்டியதுதானே? என்ன திமிரு!"

தூரத்தில் இறங்குவண்டி வந்து பொருந்துகிற சத்தம் கேட்டது. கிடங்கின் பின்கதவு மெல்லத் திறந்தது. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

"வாக்குகள் சமம்" என்றது நிலையம். "சமம் எனில் பழைய விதியே நிற்கும். ஆயினும் ஒருவர் இன்னும் வாக்களிக்கவில்லை."

"யாரு?" என்றார் இளஞ்சேரல்.

"கொக்கி."

கூரையில் தொங்கிக்கொண்டிருந்த ஆறு விரலும் நின்றன.

"அது எந்திரம்!" என்று இளஞ்சேரல் கூவினார்.

"முதல் எழுத்து க. அ முதல் ன வரையிலான எல்லைக்குள் உள்ளது. ஆகவே ஆள்" என்றது நிலையம், தேன் குரலில். "மேலும், அவர் மதிய உணவை உண்ணவில்லை."

சுடலைக்கனி தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். எண்ணை அழித்துவிட்டுப் பேர் வைத்தாளே, அந்தப் பேருக்கு முன்னால் இனிஷியல் கிடையாது. நிலையத்தில் அப்பன் பேரைச் சொல்லாமல் கதவைத் திறக்க முடிகிற ஒரே ஆள் அதுதான்.

"இவங்களைக் கீழ அனுப்பணுமா, வேண்டாமான்னுதான கேக்குறாவ?" என்று கொக்கி அவளிடம் கேட்டது.

"அதேதான். நீயே யோசிச்சுச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

கொக்கி யோசித்தது. இறங்குவண்டியின் மணி ஒருமுறை அடித்தது.

"சரக்குன்னா வச்ச இடத்துல இருக்கும்" என்றது. "இவங்க இருக்க மாட்டேங்காவ. தட்டு தாண்டித் தட்டு பேசுதாவ. இந்தம்மா பாட்டுப் பாடுதாவ. ஒருத்தரு இன்னொருத்தருக்குச் சாப்பாட்டைப் பிச்சுக் குடுக்குறாரு. நானும் எவ்வளவோ தூக்கியிருக்கேன். இது தூக்குறதுக்கு ஆகாது. மாத்துங்க."

இந்தத் தடவை சுடலைக்கனி சொல்லிக் கொடுத்த விதம் வேறு. "முதல்ல அ. அப்புறம் கோடு. அப்புறம் ஹ. போட்டுட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு." ஜெபராணி வாசித்துக் காட்டிவிட்டே உறுதி செய்தாள். [அ-ஹ]. லேபிள்கள் தாமாகவே உதிர்ந்தன. கொக்கி ஒவ்வொருவராக இறக்க, வடிவாம்பாள் கால் தரையில் பட்டதும் முதல் வேலையாகக் காபி கேட்டார். கைதட்டல், விசில். சுடலைக்கனியை ஜெபராணி கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஃ தட்டு இன்னும் காலியாகல" என்றது கொக்கி.

எல்லாரும் திரும்பினார்கள். வரிசையின் முதல் கோடியில் நஸ்ரின் விழித்து உட்கார்ந்திருந்தாள். அப்பா ஃபாரூக். லேபிளில் ஃபா. நஸ்ரின். அது உதிரவில்லை.

"அக்கா, எனக்கு எப்ப?" என்றாள்.

சுடலைக்கனிக்கு முகம் சுட்டது. ஃ-வின் சீட்டு அ-வுக்கும் முன்னால். காலையிலிருந்து அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள். சுடலைக்கனி அவளைப் பார்க்கவும் செய்தாள். தான் நின்ற பக்கத்துக் கோடி எங்கே முடிகிறது என்று பார்த்தவள், அந்தப் பக்கத்துக் கோடி எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்கவில்லை. இளஞ்சேரல் ஊசியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்க தாயி" என்று ஓடி, கண்ணாடிக் கூண்டில் தானே ஏறி, தன் கையாலேயே [ஃ-ஹ] என்று மாற்றினாள். கதவுகள் அவளுக்கு வழிவிட்டன.

நஸ்ரின் இறங்கிய பிறகு இளஞ்சேரல் கூண்டுக்கு வந்தார். குரல் தணிந்திருந்தது. "அந்த எந்திரத்தையும் இப்பவே எடுத்துருங்க. பேருக்கு முன்னால ஒரு எண்ணைப் போட்டாப் போதும்."

போதும்தான். ஒரு விசை. சுடலைக்கனி விரலைக் கொண்டு போனாள். அதற்குள் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. புதிதாக ஆளான ஒருவருடைய விவரம் முழுமையாக இல்லையாம். நிலையம் அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தது.

"இனிஷியல்னா என்ன?" என்று கீழிருந்து கொக்கி கத்தியது.

"அப்பா பேரோட முதல் எழுத்து. ஒனக்கு வேண்டாம். சும்மா விடு."

"உங்க அப்பா தூக்குறவருதான? ஒருநாள் சொன்னீய. என் பேரு அவரு கையில இருந்துதுன்னு."

திரையில் எழுத்துகள் தாமாக மாறின.

மா. கொக்கி.

காலை விதிப்படி அது சரக்கு. இப்போது இல்லை. இளஞ்சேரல் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு அவளைப் பார்க்காமல் கூண்டை விட்டு இறங்கிப் போனார். சுடலைக்கனி விசையிலிருந்து கையை எடுத்தாள்.

சரக்கில்லாமல் இறங்குவண்டி கிளம்பிய பிறகு, அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எப்பா, ஏறுவண்டிக்குத் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டியா?"

"அதெல்லாம் ஆச்சு. என்னட்டி கொரலு ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தன் உன் பேரை இனிஷியலாப் போட்டிருக்கான்."

"எவம்ல அது?" மாசானத்துக்குச் சிரிப்பு வந்தது. "என்ன படிச்சிருக்கான்?"

"படிக்கலப்பா. மூட்டை தூக்குறான். அதுதான் வேலை."

அந்தப் பக்கம் கட்டில் முனகியது. அவர் புரண்டு படுக்கிறார்.

"அப்படியா" என்றார். "இடுப்பைப் பாத்துக்கிடச் சொல்லு."